தேர்த் திருவிழா மேடையில் கிட்டார் ஏறினால் என்ன குற்றம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையக இளைஞர்களின் "மேல்நாட்டு இசை மோகம்" பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்த கடிதத்தை வாசித்தேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கொரியப் பாட்டுக்கு ஆடுகிறார்கள், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள், இப்படியே விட்டால் நம் கலைகள் அழிந்துபோகும், ஆகவே கோயில் கமிட்டிகள் திருவிழா மேடையில் இந்த இசைக்குழுக்களை ஏற்றக்கூடாது என்று அவர் கேட்டிருந்தார்.

அவர் கேட்டபடியே எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்துவிட்டது. மாரியம்மன் தேர்த் திருவிழா இரவில் பாடுவதற்காக மாதக்கணக்கில் பழகி வந்த நான்கு பிள்ளைகளை, கிட்டாரும் டிரம்செட்டும் சாமி காரியத்துக்கு ஆகாது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அந்த மேடைக்கு ஒலிபெருக்கி கட்டியவன் நான். பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் என்ன ஒலித்தது தெரியுமா? பென் டிரைவிலிருந்து சினிமாப் பாட்டு. விடிய விடிய அதுதான். அந்த நான்கு பேரும் சொந்தமாக எழுதி மெட்டுப் போட்ட பாட்டு மூன்று இருந்தது. ஒன்று, கொழுந்து நிறுக்கிற இடத்தில் கழித்துக்கொள்ளும் கிலோவைப் பற்றியது. அதைக் கேட்க வந்திருந்த அவர்களுடைய அம்மாமார், சென்னை ஸ்டூடியோவில் யாரோ பாடியதைக் கேட்டுவிட்டு தங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில் செய்கிறவன். இசைத்தட்டுக் காலத்தின் கடைசியில் தொடங்கி கசெட், சீடி, பென் டிரைவ், இன்றைய கைப்பேசி வரைக்கும் தோட்டத்துச் சனங்கள் எந்தப் பாட்டுக்கு ஆடினார்கள், எதைக் கேட்டு அழுதார்கள் என்பதை அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வந்திருக்கிறேன். என் அப்பா தப்பு என்ற தோல் கருவியை அடிக்கிற தப்புக்காரர். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு ஆள் கூட்டவும், கோயிலுக்கும், சாவு வீட்டுக்கும் தப்படித்தவர். அதனால் நம் கலை அழிகிறது என்று யார் சொன்னாலும் எனக்கு நெஞ்சில் தைக்கும். அந்தப் பெரியவருடைய கவலை என்னுடைய கவலையும்தான். அவர் சொல்லும் மருந்துதான் எனக்குப் பிழையாகப் படுகிறது. எனக்கு இசையைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் வாசிக்கிற பழக்கம் உண்டு. அப்படி அறிந்த சிலவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும்.

கிட்டார்க் குழு என்றதும் எல்லாரும் சொல்வது பீட்டில்ஸ். அது எந்த மேடையில் முளைத்தது என்று பாருங்கள். 1957 ஜூலை 6ஆம் திகதி, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் ஊல்டன் என்ற பகுதியில் தேவாலயத் திருவிழா. பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் லொறியின் பின்பக்கம் ஏறி, ஊர்வலத்தோடு பாடிக்கொண்டு போனார்கள். பிறகு தேவாலயத்தை ஒட்டிய வயல்வெளியில் போட்டிருந்த மேடையில் பாடினார்கள். குவாரிமென் என்று குழுவுக்குப் பெயர். தலைவன் ஜோன் லெனன், வயது 16. அவர் பாடுவதைப் பார்க்க வந்த 15 வயதுப் போல் மெக்கார்ட்னி அவரை முதன்முதலாகச் சந்தித்தது அன்றைக்குத்தான். அந்தத் தேவாலயக் கமிட்டி, இந்தச் சத்தம் சாமி காரியத்துக்கு ஆகாது என்று சொல்லியிருந்தால் அந்தச் சந்திப்பு அன்று நடந்திருக்காது.

அந்தப் பையன்கள் பாடியதும் அவர்கள் நாட்டுச் சரக்கில்லை. அமெரிக்கப் பாட்டு. கருவி வாங்க வசதியில்லாத பிள்ளைகள் அப்போது இங்கிலாந்து முழுக்க இப்படித்தான் குழு அமைத்தார்கள்: ஒரு கிட்டார், துணி துவைக்கும் பலகை ஒன்று, தேயிலைப் பெட்டி ஒன்று. பெட்டியைக் கவிழ்த்து வைத்து, ஒரு தடியை நிறுத்தி, தடியின் நுனிக்கும் பெட்டியின் நடுவுக்கும் கயிறு கட்டி இழுத்து மீட்டினால் கனத்த அடிநாதம் கிடைக்கும். குவாரிமென் குழுவிலும் அந்தத் தேயிலைப் பெட்டி இருந்தது. ஸ்டோர் என்று நாம் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இந்தியத் தோட்டங்களிலும் தூள் நிரப்பி, ஆணியடித்து, முத்திரை குத்திக் கப்பலேற்றினார்களே, அதே மாதிரிப் பலகைப் பெட்டிதான். என் அப்பா காலத்து ஆட்கள் அந்தப் பெட்டியை லயக் காம்பராவில் துணி வைக்க வைத்திருந்தார்கள். கிட்டார்க் குழு நமக்குச் சம்பந்தமில்லாத வஸ்து என்று யாராவது சொல்லும்போது எனக்கு முதலில் நினைவு வருவது அந்தப் பெட்டி.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் தோட்டமே வந்துவிடுகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டோவல் என்றொரு பருத்தித் தோட்டம். அங்கே கூலி வேலை செய்து, டிராக்டர் ஓட்டி, தோட்டத்துக் குடிசையில் வாழ்ந்த கறுப்பினத்தவர் ஒருவர் சனிக்கிழமை இரவுகளில் கிட்டார் வாசித்துப் பாடுவார். 1941இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டார் பாடல் சேகரித்துக்கொண்டு போன அலன் லோமாக்ஸ், அவருடைய குடிசைக்கே கருவியைக் கொண்டுபோய்ப் பாட்டைப் பதிவு செய்தார். பதிவின் பிரதிகளும் 20 டொலரும் பின்னால் அவருக்கு வந்து சேர்ந்தன. தன் குரலை இசைத்தட்டில் கேட்ட பிறகு அந்த மனிதருக்குத் தோட்டத்தில் கால் தரிக்கவில்லை. 1943இல் சிகாகோ நகரத்துக்குப் போனார். அங்கே மதுக்கடை இரைச்சலில் மரக் கிட்டார் எடுபடவில்லை, எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்தார். மடி வாட்டர்ஸ் என்ற பெயரில் உலகம் அறிந்தது அவரைத்தான். லண்டன் பையன்கள் சிலர் 1962இல் குழு அமைத்தபோது அவருடைய பாட்டொன்றின் தலைப்பிலிருந்துதான் தங்களுக்குப் பெயர் எடுத்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்பது அந்தப் பெயர்.

ஆக, பெரியவர் அந்நியம் என்று தள்ளுகிற ரொக் இசையின் வேர் ஒரு தோட்டத் தொழிலாளியின் குடிசை வாசலில் இருக்கிறது. பருத்திக்குப் பதில் தேயிலை. கங்காணி இங்கே, ஓவர்சியர் அங்கே. பற்றுச்சீட்டில் கடன் ஏறிக்கொண்டே போனது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நம் தோட்டத்திலும் பாட்டு இருந்தது. கண்டிச் சீமைக்கு வந்து, கோப்பிக் கன்று நட்ட மலையில் கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்து, அந்த மலையைக் கைகாட்டி அழுத பாட்டெல்லாம் நம் ஆட்களிடம் இருந்தன. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அவர்கள் நம் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கினார். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டெழுதி, பிரசுரமாக்கி, தோட்டத்துக் கூட்டங்களில் தாமே பாடினார். பாட்டுக்கு நம்மிடம் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. மடி வாட்டர்ஸுக்குக் கிடைத்த அம்ப்ளிபயர்தான் அந்தப் பாட்டுகளுக்குக் கிடைக்கவில்லை. அம்ப்ளிபயர் தோட்டத்துக்கு வந்தபோது அதில் ஏறியது வேறு ஊர்ப் பாட்டு.

வெளிநாட்டு இசைக்குழுக்கள் ஒரு நாட்டின் பாட்டை எப்படி மாற்றுகின்றன என்று கேட்டால் எல்லாரும் உடுப்பையும் முடியையும் சொல்வார்கள். என் பார்வையில் பெரிய மாற்றம் தொழில் முறையில்தான் நடந்தது. பீட்டில்ஸுக்கு முன்னால் பாட்டெழுதுகிறவர் ஒருவர், மெட்டுப் போடுகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர், பின்னால் முப்பது பேர் வாத்தியம் என்றுதான் பெரும்பாலும் எல்லா நாட்டிலும் இருந்தது. நம் சினிமாவில் இன்றைக்கும் அப்படித்தான். நான்கு பேர் சேர்ந்து, தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்து, தாங்களே வாசித்துப் பாடலாம் என்பதை அவர்கள் ஊர் ஊராகக் காட்டிவிட்டுப் போனார்கள். ஸ்டூடியோ இல்லாத, முதலாளி இல்லாத, சினிமா இல்லாத ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறு எது? மலையகத்தில் பெரிய ஸ்டூடியோவும் இல்லை, சினிமாத் தொழிலும் இல்லை. நான்கு பேர் சேர்வதற்கு மட்டும் ஆள் இருக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1505இல் வந்த போர்த்துக்கேயரும், அவர்களோடு வந்த ஆபிரிக்கர்களும் விட்டுப்போன தாளத்திலிருந்துதான் பைலா என்ற ஆட்டப் பாட்டு பிறந்தது. பொலிஸ் உத்தியோகத்தில் இருந்த வொலி பஸ்தியான் அதைச் சிங்களத்தில் பாடி வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். இன்று பைலா இல்லாமல் இலங்கையில் ஒரு கலியாணம் உண்டா? பிறகு இலங்கை வானொலி. 1950இல் வர்த்தக சேவை தொடங்கிய பிறகு கடல் கடந்தும் ஆட்கள் அதைக் கேட்டார்கள். மேல்நாட்டுப் பாடகர்கள் கிளிஃப் ரிச்சர்டும் ஜிம் ரீவ்ஸும் அதன் வழியாகத்தான் நம் நாட்டு வீடுகளுக்குள் வந்தார்கள். துரை பங்களாவிலும் கிளப்பிலும் அடைபட்டிருந்த இசை, ரேடியோ வந்த பிறகு ஸ்டாப் குவார்ட்டர்ஸுக்கும் லயத்துக்கும் வந்தது.

1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலேவன போன்றவர்கள் மூன்ஸ்டோன்ஸ் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்துச் சிங்களப் பாட்டுக்கு ஒரு புதுப் பாதை போட்டார்கள். கிளாரன்ஸ் பிறந்தது கொழும்பில் இல்லை, நம் ஹப்புத்தளையில். அதே காலத்தில் தமிழிலும் பொப்பிசை எழுந்தது. யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு சின்ன மாமியைக் கூப்பிட்டார், நாடே எழுந்து ஆடியது. ஏ.ஈ. மனோகரன் சுராங்கனியைத் தமிழ்நாடு வரைக்கும் கொண்டுபோய்ச் சிலோன் மனோகர் ஆனார். பைலாத் தாளம், மேல்நாட்டுக் கிட்டார், யாழ்ப்பாணத்து வாய்மொழி, நடுவில் சிங்களம், எல்லாம் ஒரு பாட்டுக்குள் இருந்தன. தமிழ் கெட்டுப்போகிறது என்று அன்றைக்கும் சொன்னவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அந்தப் பாட்டுகளை ஈழத்தமிழரின் சொத்து என்று சொல்கிறோம்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறாத மனக்குறை. சிங்களக் கிராமத்துக்கு ஒரு பொப்பிசை வந்தது, யாழ்ப்பாணத்துக்கும் கிழக்குக்கும் ஒன்று வந்தது. மலையகத்துத் தமிழில், தப்புத் தாளத்தில், தோட்டத்து வார்த்தையில் அப்படி ஒரு அலை எழவில்லை. எழுந்த தனித்தனிக் குரல்களும் தோட்ட எல்லையைத் தாண்டவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்தது, கசெட் ரேடியோக்கள் வந்து குவிந்தன, மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய பெண்கள் முதலில் தூக்கி வந்த பொருளே அதுதான். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் ரெக்கோர்டிங் பார்களில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் மறுநாள் கசெட் கிடைக்கும். அந்தப் பட்டியல்களை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எல்லாம் இந்தியச் சினிமாப் பாட்டு. எனக்கும் அந்தப் பாட்டுகள் உயிர். இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் கேட்கிறேன்: கொரியப் பாட்டு அந்நியம் என்றால், கடலுக்கு அப்பால் எழுதிக் கடலுக்கு அப்பால் பதிந்த சினிமாப் பாட்டில் நம் மலை எங்கே இருக்கிறது? கும்மியும், தாலாட்டும், ஒப்பாரியும், காமன் கூத்துப் பாட்டும் நம் வாயிலிருந்து இறங்கியது கிட்டார் வந்ததால் இல்லை. கிட்டார் வருவதற்கு முன்பே அவை மேடையிலிருந்து இறங்கிவிட்டன. திருவிழா இரவுகளில் அந்த இடம் யாரிடம் போனது என்பதற்கு என் வாடகைப் புத்தகம் சாட்சி.

பெரியவர் கேட்ட தடையை மற்ற நாடுகளிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில் சுகர்னோ ஆட்சியில், பீட்டில்ஸ் பாணியில் பாடிய குற்றத்துக்காக கூஸ் சகோதரர்களை 1965இல் சிறையில் போட்டார்கள். வெளியே வந்த பிறகு அவர்களே அந்த நாட்டின் மிகப் பிரபலமான குழுவானார்கள், பாடியது இந்தோனேசிய மொழியில். ஜப்பானில் அமெரிக்காவின் வென்ச்சர்ஸ் குழு 1965இல் வந்துபோன பிறகு எலெக்ட்ரிக் கிட்டார்க் காய்ச்சல் பரவியது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்று கல்விச் சபைகள் தடை போட்டன. ரொக் இசைக்கு ஜப்பானிய மொழி ஒத்துவராது என்று இசைக் கலைஞர்களே வாதாடினார்கள். 1970இல் ஹாப்பி எண்ட் என்ற குழு முழுக்க ஜப்பானிய மொழியில் ரொக் பாடி அந்த வாதத்தை முடித்துவைத்தது. தோட்டத்துத் தமிழ் கிட்டாருக்கு ஒத்துவராது என்று என் காதுபடச் சொன்ன ஆசிரியர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர் சொன்ன கொரியாவும் அப்படித்தான். போருக்குப் பிறகு அங்கே இருந்த அமெரிக்கப் படை முகாம் மேடைகளில் சிப்பாய்களுக்காக ரொக் வாசித்துத் தொழில் கற்றவர் ஷின் ஜுங்-ஹியூன். பின்னால் கொரிய மொழியில் பாட்டெழுதினார். 1970களில் அரசு அவருடைய பாட்டுகளைத் தடை செய்தது. அவரை இன்று கொரிய ரொக் இசையின் தந்தை என்கிறார்கள். லிந்துலையில் ஒரு பிள்ளை கொரியப் பாட்டுக்கு ஆடுகிறாள் என்றால், ஒரு காலத்தில் வந்ததை எடுத்துத் தன்னுடையதாக்கிய ஒரு நாட்டின் பாட்டுக்கு ஆடுகிறாள்.

பிரேசில் நாட்டுக் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1967 ஜூலை 17ஆம் திகதி சாவோ பாவுலோ நகரத்தில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எதிராக ஓர் ஊர்வலம் போனது. கையில் பதாகையோடு, நாட்டின் பெரிய பாடகர்களே நடந்தார்கள். எலிஸ் ரெஜினா நடந்தார். ஜில்பெர்ட்டோ ஜில்லும் நடந்தார். மூன்று மாதம் கழித்து ஒக்டோபரில் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி. அதே ஜில், எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற ஒஸ் முட்டான்டெஸ் என்ற இளைஞர் குழுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடி இரண்டாம் பரிசு எடுத்தார். அந்தப் பாட்டில் கிட்டாரோடு பெரிம்பாவ் என்ற ஒற்றைத் தந்தி வில்லும் ஒலித்தது. ஆபிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி காத்து வைத்திருந்த கருவி அது. ஏழைகளின் வாத்தியம் என்று ஒதுக்கி வைத்த வில், கிட்டாரோடு சேர்ந்து நாட்டின் பெரிய மேடையில் ஏறியது. பின்னால் இராணுவ ஆட்சி ஜில்லைச் சிறையில் அடைத்தது, நாட்டைவிட்டு அனுப்பியது. 2003இல் அவரே அந்த நாட்டின் கலாசார அமைச்சரானார்.

பெரிம்பாவைப் பற்றி வாசித்த அன்று எனக்குத் தப்புதான் மனதில் வந்தது. என் அப்பாவின் தப்பைச் சாமிக்கு முன்னால் அடிக்கச் சொல்வார்கள், மேடையில் ஏற விடமாட்டார்கள். தேருக்கு முன்னால் அடித்துக்கொண்டு போகலாம், விளக்குப் போட்ட மேடையில் நாற்காலி கிடையாது. சாவு வீட்டுக் கருவி, இன்ன சாதிக் கருவி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்ததால் என் தலைமுறையில் பலர் தப்பைப் பரணில் போட்டுவிட்டோம். நம் கலை அழிகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இந்த இடத்தையும் பார்க்க வேண்டும். தப்பை இறக்கியது ஜோன் லெனன் இல்லை. ஒரு சேதியும் சொல்கிறேன். அந்த நான்கு பிள்ளைகளும் மேடைக்குக் கொண்டுவர இருந்தது கிட்டாரும் டிரம்செட்டும் மட்டுமில்லை. அதில் ஒருவன் தப்பும் அடிப்பான். அவனுடைய தாத்தா என் அப்பாவோடு சேர்ந்து அடித்தவர். தடை போட்டபோது அவன் தப்பும் சேர்ந்துதான் தடைப்பட்டது.

பெரியவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வெளிநாட்டு இசை பணத்தோடும் பலத்தோடும் வருகிறது. தட்டிப் பார்க்காமல் எல்லாவற்றையும் அதற்கு விட்டுக்கொடுத்தால் சின்னச் சமூகத்தின் குரல் அமுங்கிப்போகும். ஆபிரிக்காவில் சாம்பியா நாட்டின் ஜனாதிபதி கென்னத் கவுண்டா, வானொலியில் 95 சதவீதம் சாம்பிய இசைதான் ஒலிக்க வேண்டும் என்று உத்தரவே போட்டார். அங்கிருந்த பிள்ளைகள் ரொக் இசையை விடவில்லை. தங்கள் தாளத்தைக் கலந்து சாம்ரொக் என்று ஒரு புது இசையையே உண்டாக்கினார்கள். உத்தரவு, கருவிக்குத் தடை போடவில்லை. நம் ஆட்கள் பாட்டுக்கு இடம் ஒதுக்கியது. இங்கே கோயில் கமிட்டி செய்தது நேர் எதிர்: நம் ஆட்களை நிறுத்திவிட்டு வெளி ஊர்ப் பாட்டுக்கு இடம் ஒதுக்கியது.

இனித் தங்களிடம் ஒரு விண்ணப்பம். துருக்கி நாட்டில் ஹுரியத் என்றொரு தினப்பத்திரிகை இருக்கிறது. 1965இல் அந்தப் பத்திரிகை "தங்க ஒலிவாங்கி" என்ற பொருள்படும் பெயரில் ஒரு பாட்டுப் போட்டி வைத்தது. மேல்நாட்டுக் கருவிகளையும் முறைகளையும் எடுத்துக்கொள்ளலாம், துருக்கிப் பாட்டுக்குப் புது உருவம் கொடுக்க வேண்டும் என்பது விதி. இறுதிக்கு வந்தவர்களை நகரம் நகரமாக அழைத்துப் போய்ப் பாட வைத்தார்கள், பாட்டுகளை இசைத்தட்டாகவும் போட்டார்கள். 1967இல் ஜெம் கராஜா என்ற இளைஞர் பழைய நாட்டுப்புறக் கவிஞர் எம்ரா பெயரில் வழங்கும் வரிகளுக்கு ரொக் மெட்டுப் போட்டு இரண்டாமிடம் பெற்றார். அனடோலிய ரொக் என்று இன்று உலகம் தேடிக் கேட்கிற இசைக்கு அந்தப் போட்டி பெரிய வாசல். அதைத் திறந்தது அரசாங்கம் இல்லை, ஒரு பத்திரிகை.

தங்கள் பத்திரிகை நம் தோட்டங்களில் வாசிக்கப்படுகிறது. வாசகசாலையில், சலூனில், பஸ்சில் கை மாறிக் கை மாறிப் போகிறது. மலையக இளைஞர் குழுக்களுக்கு இப்படி ஒரு போட்டியைத் தாங்கள் வைக்கலாகாதா? விதி அதிகம் வேண்டாம். பாட்டு சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும், அல்லது நம் நாட்டார் பாடலைப் புதுப்பித்ததாக இருக்க வேண்டும். தப்பு, உருமி, பறை, உடுக்கை என்று நம் தோல் கருவி ஒன்றாவது அதில் ஒலிக்க வேண்டும். மற்றப்படி கிட்டாரோ, கீபோர்டோ, கைப்பேசியில் கோர்த்த தாளமோ, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். ராப் பாடட்டும். பெண் பிள்ளைகள் குழு வந்தால் முதல் வரிசையில் இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மலையில் பாடிக்கொண்டே கொழுந்து எடுத்தவர்கள் பெண்கள். உருமி லண்டன் வரைக்கும் போய்விட்டது என்பதையும் பிள்ளைகள் அறியட்டும். ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில், தமிழ்நாட்டில் பதிவு செய்த உருமி ஒலித்தது, உலகம் அதற்கு ஆடியது. நம் தேருக்கு முன்னால் உறுமுகிற அதே கருவி.

தப்பையும் கிட்டாரையும் ஒரே மேடையில் வைத்தால் சரியாகக் கேட்காது என்று சிலர் சொல்வார்கள். அது என் தொழில், அதற்கு நான் பதில் சொல்கிறேன். தப்பின் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும், உண்மைதான். மைக்கைத் தப்புக்கு நேரே வைக்கக்கூடாது. ஆறடி தள்ளி, பக்கவாட்டில், இடுப்புயரத்தில் வைத்தால் அடியும் கேட்கும், குச்சியின் சிணுங்கலும் கேட்கும். கிட்டார் அம்ப்ளிபயரைத் தப்புக்காரர்களுக்குப் பின்னால் வைத்தால் அவர்களுக்குச் சுருதி புரியும். பெரிய பிரச்சினை பனி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் தோல் தளர்ந்து தப்பு ஊமையாகிவிடும். அப்பா காலத்தில் அதற்குத்தான் பக்கத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்தி, அடிக்கடி காய்ச்சி எடுப்பார்கள். மேடை நிகழ்ச்சியில் யாரும் அதை யோசிப்பதில்லை, பிறகு தப்பு எடுபடவில்லை என்று குறை சொல்கிறார்கள்.

கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்களை நான் பகைக்கவில்லை, அவர்களில் பலர் என் சொந்தக்காரர். சாமிக்கு முன்னால் பக்திப் பாட்டு ஒலிக்கட்டும், தேர் நகரும்போது நாதஸ்வரமும் தவிலும் தப்பும் ஒலிக்கட்டும். பூசை முடிந்த பிறகு நடக்கிற மேடை நிகழ்ச்சியில் அரை மணித்தியாலம் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எழுதிய பாட்டுக்குக் கொடுங்கள். சினிமாப் பாட்டு எங்கேயும் ஓடிப்போகாது.

தாங்கள் போட்டி வைப்பதாக முடிவெடுத்தால், ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா பகுதிகளில் நடக்கிற சுற்றுகளுக்கு என்னுடைய ஒலிபெருக்கி, மைக், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வாடகை இல்லாமல் கொண்டுவந்து கட்டித் தருகிறேன். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் இதே தொழில் செய்கிற நண்பர்களிடமும் பேசியிருக்கிறேன், அவர்களும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் அறிவித்தால் பிள்ளைகளுக்குப் பழக நேரம் கிடைக்கும், வெளியூரில் வேலைக்குப் போனவர்களும் விடுமுறைக்கு வந்திருப்பார்கள். மேடை எங்கே போட்டாலும் பின்பக்கம் தப்பு காய்ச்ச நெருப்பு மூட்டுகிற மாதிரி நான்கு பாக நீளத்துக்கு வெற்றிடம் விட்டுப் போடச் சொல்லுங்கள். விறகை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி உரிமையாளர் ஒருவர்,
பொகவந்தலாவை.